புழு தின்ன அழைத்தார்கள்

காலை ஆறே முக்கால். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒருவர் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்துவிட்டுப் பரோட்டா வாங்க வரிசையில் போய் நின்றார். சிங்கப்பூரில் டிஷ்யூ பாக்கெட்டை யாரும் மூக்குத் துடைக்கிற சாமானாக மட்டும் பார்ப்பதில்லை. அது மேசைக்குப் பட்டா. பத்துப் பேர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தவித்தாலும் அந்த ஐம்பது காசுக் காகிதக் கட்டை யாரும் தொட மாட்டார்கள். அவ்வளவு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஊர்.

பட்டாவை மதிக்காத ஒரே ஜீவன் வந்து இறங்கியது. சாம்பல் கழுத்து, மற்றபடி கறுப்பு. பாக்கெட்டை அலகால் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தது. தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் மேசை விளிம்பு வரை நகர்த்திக் கீழே தள்ளியது. பிறகு பக்கத்து மேசைக்குத் தாவியது. அங்கே யாரோ பாதியில் விட்டுப் போன பரோட்டா. அதை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு ஓரமாகக் கிழித்தது. கிழித்த துண்டைக் கிண்ணத்தில் ஆறிக் கிடந்த பருப்புக் குழம்பில் போட்டு எடுத்து, தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தபடி விழுங்கியது. எங்கள் மாடியில் குழம்பு தொடாமல் வறட்டுப் பரோட்டா தின்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட இதற்கு ருசி தெரியும்.

பட்டாதாரர் தட்டோடு திரும்பி வந்தார். "சூ! சூ!" என்று கையை வீசினார். காகம் நாலடி தள்ளிப் போய், இவர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருக்கிற சர்வர் மாதிரி நின்றது.

"காக்கா தொல்லை தாங்க முடியலண்ணே. யாராவது ஏதாவது செய்யணும்" என்றார் என்னிடம். சொல்லிவிட்டு இரண்டு பரோட்டாவில் ஒன்றரையைத் தின்றார், அரையை விட்டார். தட்டை எடுத்துப் போய்த் தட்டு வைக்கிற அலமாரியில் செருகிவிட்டுக் கை கழுவப் போனார். நல்ல குடிமகன். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளிலும், 2022 ஜனவரியிலிருந்து காப்பிக்கடைகளிலும் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கை, மறுபடி பிடிபட்டால் முந்நூறு வெள்ளி. மேசையில் எச்சில் கிடந்தால் பறவை வரும் என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. எச்சில் மேசையில் பெரும்பாலும் இல்லாமல் போனது உண்மை. மேசை மேசையாகத் தேடிக்கொண்டிருந்த காகத்துக்கு இப்போது ஒரே அலமாரியில், மூடி இல்லாமல், அடுக்கடுக்காக வைத்துக் கொடுக்கிறோம். பஃபே.

இந்த "யாராவது ஏதாவது" என்பதுதான் என் வயிற்றெரிச்சல். யாராவது என்றால் அரசாங்கம். ஏதாவது என்றால் துப்பாக்கி, பொறி, விஷம், இந்த மூன்றில் ஒன்று. குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது அந்தப் பட்டியலில் ஒருநாளும் வராது.

இந்தக் காகம் இங்கே எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியுமா? எனக்கும் ஐம்பது வயது வரை தெரியாது. ஊர்ப் பறவை என்றுதான் நினைத்திருந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் சிலாங்கூரில், கிள்ளான் பக்கம், வெள்ளைக்காரத் துரைமார் கோப்பித் தோட்டம் போட்டிருந்தார்கள். கோப்பியில் புழு விழுந்தது. இலையை மொட்டையடித்துக்கொண்டு போகிற பச்சைப் புழு. ஆள் வைத்துப் பொறுக்கினால் கூலி கொடுக்க வேண்டும். கூலி கேட்காமல் புழு பொறுக்க ஓர் ஆளை யோசித்தார்கள். இலங்கையிலிருந்து காகத்தைப் பிடித்து வந்து விட்டார்கள். கறுப்பாக இருக்கும், எதைப் போட்டாலும் தின்னும், இருட்டோடு எழுந்துவிடும், கூட்டமாக வேலை செய்யும். அதே கடலில், அதே துரைமார், அதே தகுதிகளைப் பார்த்து வேறு சிலரையும் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. காகத்துக்குக் கங்காணி வைத்தார்களா, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்தார்களா என்று நான் படித்த எதிலும் இல்லை.

கோப்பி சீக்கிரமே படுத்தது. பிரேசில் கோப்பி சந்தைக்கு வந்து விலை சரிந்தது. துரைமார் கோப்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கித்தா, அதாவது ரப்பர், நட்டார்கள். கித்தா மரத்தில் காகத்துக்கு என்ன வேலை? வேலை போயிற்று. திரும்பிப் போகக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. அது துறைமுகத்துக்கும் மீன் சந்தைக்கும் குப்பை மேட்டுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது. 1940-களில் சிங்கப்பூரிலும் தலை காட்டியது. இன்றைக்கு ஆவணங்களில் அதற்கு இருக்கும் பெயர் 'ஊடுருவும் அந்நிய இனம்'. அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட துரை சுவெட்டன்ஹாமுக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் தெரியுமா? 1901-இல் திறந்த கிள்ளான் துறைமுகத்துக்கே அவர் பெயர். போர்ட் சுவெட்டன்ஹாம். எழுபது வருஷம் அப்படியே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே பறவைக்கு 1817-இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த அறிவியல் பெயர் கோர்வஸ் ஸ்ப்ளெண்டன்ஸ். பளபளக்கும் காகம். அந்த மனிதருக்குக் கண் இருந்திருக்கிறது. காலை வெயிலில் அதன் சிறகைப் பாருங்கள், கறுப்புக்குள் ஊதாவும் பச்சையும் ஓடும். பட்டுக்கடையில் அந்த நிறத்துக்குப் பெயர் வைத்து ஆயிரம் வெள்ளிக்கு விற்பார்கள்.

கிள்ளானோடு கதை முடியவில்லை. அதே 1890-களில் ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபார் தீவிலும் குப்பை கூட்டக் காசு செலவழிக்க மனம் வராமல் காகத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கிருந்து கரை தாவி, 1947-இல் மொம்பாசாவில் பதிவானது. 2024-இல் கென்ய அரசு, வருஷக் கடைசிக்குள் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. கரையோர ஓட்டல்காரர்களுக்கு நட்டம். திறந்தவெளியில் சாப்பிடும் சுற்றுலாப் பயணியின் தட்டில் காகம் வாய் வைக்கிறது. உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது பொய்யில்லை. காகம் மகாத்மா என்று நான் எழுத வரவில்லை.

கென்யாவில் எடுத்த ஆயுதம் ஸ்டார்லிசைட் என்ற அமெரிக்க விஷம். அதன் தனிச்சிறப்பு, உடனே கொல்லாது. இறைச்சியில் தடவி வைத்ததைத் தின்ற பறவை பறந்து போய், சிறுநீரகம் கெட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வேறெங்காவது விழும். ஓட்டல் வாசலில் பிணம் கிடக்காது. பயணியின் காலை உணவு கெடாது. கொலையைவிட அதன் துப்புரவை நன்றாக யோசித்த மூளை எவனுடையதோ.

விஷத்தின் பெயரில் இருக்கும் ஸ்டார்லிங், நம் மைனாவுக்குச் சித்தப்பா மகன். அதன் கதையும் இதே கதை. 1890-இல் யூஜின் ஷீஃபெலின் என்ற பணக்காரர் ஐரோப்பாவிலிருந்து அறுபது ஸ்டார்லிங்குகளைக் கொண்டுவந்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறக்கவிட்டார். மறு வருஷம் இன்னும் நாற்பது. ஆசை, அவ்வளவுதான். அது கண்டம் முழுக்கப் பெருகி, உள்ளூர்க் கரும்பறவைகளோடு சேர்ந்து குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் ஒரே தோப்பில் அடைய ஆரம்பித்தது. 1975 பிப்ரவரியில் கென்டக்கி எல்லையிலுள்ள ஃபோர்ட் காம்ப்பெல் ராணுவ முகாமில், பறவைகளால் விமானத்துக்கு ஆபத்து, எச்சத்தால் நோய் என்று சொல்லி, அடைந்திருந்த பறவைகள் மேல் வானத்திலிருந்து சவர்க்கார ரசாயனம் தெளித்தார்கள். இறகிலுள்ள எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரம் கழுவிவிடும். அப்புறம் மழையும் குளிரும் பார்த்துக்கொள்ளும். நனைந்த பறவைகள் விறைத்துச் செத்தன. உலகத்தின் பெரிய ராணுவங்களில் ஒன்று, குளிப்பாட்டிக் கொன்றது. மற்ற குளிர்காலங்களில் அந்தப் பறவைகள் எதைத் தின்றன? அறுவடையில் சிந்திய தானியம், மாட்டுப் பண்ணைத் தொட்டியில் கிடந்த தீவனம். தொட்டி எங்கேயும் போகவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சிங்கப்பூரின் காகங்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டன என்றார்கள். துப்பாக்கிச் சங்கத்து ஆட்கள் அரசாங்க அனுமதியோடு வீடமைப்புப் பேட்டைகளுக்குள் வந்து சுட்டார்கள். நாலு பேர் கூடிக் கோஷம் போட அனுமதி வாங்க வேண்டிய நாட்டில், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் பாதையில் துப்பாக்கி வெடிக்க அனுமதி கிடைத்தது, சுடப்படுவது கறுப்பாக இருந்ததால். எண்ணிக்கை குறைந்ததும் உண்மை. இப்போது துப்பாக்கிச் சத்தம் கேட்பதில்லை. கூடு கலைக்கிறார்கள், பொறிக்கூண்டு வைக்கிறார்கள். காகமும் குறைந்து, மறுபடி கூடி, மறுபடி புகார் கூடி, இப்படியே ஒரு குடும்பச் சண்டை மாதிரி போகிறது.

பழைய வனவிலங்கு, பறவைச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. உரிமம் இல்லாமலே யாரும் கொல்லலாம் என்று ஆறு பறவைகள். வீட்டுக் காகம், மாடப்புறா, இரண்டு வகை மைனா, மைனாவின் உறவுக்காரப் பறவைகள் இரண்டு. இந்த ஆறில் காகமும் ஒரு மைனாவும் ஓர் உறவுக்காரரும் நல்ல கறுப்பு. மற்றவை சாம்பல், பழுப்பு. மஞ்சளாய், நீலமாய், பாட்டுப் போட்டிக்குக் கூண்டில் தொங்குவதாய் ஒன்றுகூட அதில் இல்லை. தற்செயல்தான். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது.

அந்தக் கறுப்பு மைனா இருக்கிறதே, ஜாவா மைனா, அதன் கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. 1920-களில் கூண்டுப் பறவை வியாபாரத்தில் இங்கே வந்து தப்பிப் பறந்தது. இன்று ஆர்ச்சர்ட் சாலை மரங்களில் சாயங்காலம் கூடி அது போடும் கூச்சலில் வாடிக்கையாளர் ஓடுகிறார் என்று மரத்தைக் கழித்தார்கள், இன்னும் என்னென்னவோ செய்தார்கள். சொந்த ஊரான ஜாவாவிலோ அதைப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்றதில் அருகிப்போய், அழியும் ஆபத்திலுள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. பிறந்த ஊரில் அபூர்வம், பிழைக்க வந்த ஊரில் இம்சை. எனக்குத் தெரிந்த பல மனிதர்களின் வாழ்க்கை வரலாறு இதே ஒரு வரிதான்.

குயில் விஷயம் இன்னும் மேல். நம் கவிஞர்கள் இரண்டாயிரம் வருஷமாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய குயில், சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எப்போதாவது வந்து போகிற விருந்தாளி. காகம் பெருகியது, முட்டையிடக் கூடு கிடைத்தது, 1980-களிலிருந்து குயில் இங்கேயே குடும்பம் நடத்துகிறது. குடும்பம் என்பது தப்பு. பெற்றுப் போடுவது மட்டும் குயில், வளர்ப்பது காகம். மாதச் சம்பளமில்லை, ஞாயிறு விடுமுறையில்லை, வாயைத் திறக்கிற பிள்ளை தன்னுடையதா என்ற கேள்வியும் இல்லை. பல வீடுகளில் ஆயாக்கள் செய்கிற வேலை. இப்போது விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஆண் குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறது என்று புகார்க் கடிதங்கள். "அந்த ஊவூ பறவையைப் பிடித்துப் போங்கள்." போன வருஷம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் புகார் எழுதியவர் ஒரு தமிழர். திருமண வரவேற்பு மேடையில் குயில் பாட்டுக்கு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பாடுகிறவர். பாட்டில் வந்தால் குயில், ஜன்னலில் வந்தால் இரைச்சல்.

2023 பிப்ரவரியில் பீஷான் வட்டாரத்தில் காகங்கள் நடந்து போகிறவர்களின் பின்மண்டையில் கொத்திய காணொளி ஊரெல்லாம் ஓடியது. 'கொலைவெறிக் காகங்கள்.' நானும் பார்த்தேன். ஒரு பெண்மணி கைப்பையால் தலையை மூடிக்கொண்டு ஓடுகிறார். அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் பதைத்தது. பயம் உண்மை, காயமும் உண்மை. ஆனால் காணொளியை எடுத்தவர்கள் ஒருவராவது கேமராவைத் தரைப்பக்கம் திருப்பியிருக்கலாம். கூட்டை விட்டு இறங்கி, இன்னும் பறக்க வராமல், வேலிச் செடிக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கிற பருவத்தில்தான் காகம் இப்படி விரட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். குடை பிடித்துக்கொண்டு போனால் தீர்ந்தது. நாலு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். நாலு வாரம் பொறுமை யாருக்கு இருக்கிறது? வாட்ஸ்அப்பில் நீல டிக் நாலு நிமிஷம் தாமதமானாலே குடும்பம் பிரிகிற காலம்.

இது மூளை இல்லாத பிராணி என்று நினைத்துப் பொறி வைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2006-இல் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழு குகைமனிதன் முகமூடி மாட்டிக்கொண்டு சில அமெரிக்கக் காகங்களைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டது. அதற்கப்புறம் அந்த முகமூடியோடு எவன் நடந்தாலும் காகங்கள் கூடித் திட்டின. வருஷங்கள் போயும் மறக்கவில்லை, பிடிபடாத காகங்களும் சேர்ந்து திட்டின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடி வைத்திருந்தார்கள். அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் முகம். அதை மாட்டிக்கொண்டு போனவரைக் காகங்கள் கண்டுகொள்ளவே இல்லை. இராக் போர் உச்சத்தில் இருந்த வருஷம் அது. காகத்தின் நியாயம் எளிது: எனக்கு யார் கெடுதல் செய்தான், அவனை மட்டும் திட்டு. காகம் திட்டி மாடு சாகாது என்பார்கள். மனிதர்களின் புகாருக்கு வருஷம் எத்தனை காகம் சாகிறது?

இப்போது நம் இனத்தாரிடம் வருகிறேன். அரசாங்கத்தை மட்டும் திட்டினால் சுலபமாகப் போய்விடும்.

அமாவாசைக்கு, திதிக்கு, கனுவுக்கு நமக்குக் காகம் வேண்டும். வாழையிலைத் துண்டில் சாதம், பருப்பு, எள்ளுருண்டை வைத்துவிட்டு, தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கா... கா... கா..." என்று இரண்டு பட்டதாரிகள் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷம் வராவிட்டால் அப்பாவுக்குக் கோபமோ, ஏதாவது குறை வைத்துவிட்டோமோ என்று கண் கலங்குகிறது. வந்து கொத்தினால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு, தாத்தா சாப்பிட்டுவிட்டார். இலையைச் சுருட்டிப் போட்டு உள்ளே போன மறுநிமிஷம் அதே தாத்தா உலர்த்தின துணிமேல் உட்கார்ந்தால், "சனியனே, போ!" 2020-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி கண்ட பறவைக்குச் சோறு வைத்தால் முதல் தடவை ஐயாயிரம் வெள்ளி வரை, மறுபடி வைத்தால் பத்தாயிரம் வரை அபராதம். ஆகவே நம்மில் கெட்டிக்காரர்கள் இப்போது சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்து, யாருக்கும் தெரியாமல் முன்னோருக்குப் படைக்கிறார்கள். உயிரோடிருந்தபோது முதியோர் இல்லத்தில் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்த அதே பரபரப்பு.

இதெல்லாமாவது சிரித்துவிட்டுப் போகலாம். பள்ளிக்கூடத்தில் கறுத்த பெண்பிள்ளையைக் 'காக்கா' என்று கூப்பிட்டுச் சிரிக்கிற வழக்கத்தை நமக்குத் துரை சொல்லிக் கொடுத்தானா? நம் படங்களில் கறுப்பாக ஒருத்தியை நிற்க வைத்து, காக்காய் கத்தும் ஒலியைப் பின்னணியில் போட்டுச் சிரிப்பு வாங்கவில்லையா? கைக்குழந்தையைப் பார்க்க வந்து, "கலர் கொஞ்சம் கம்மி, பரவால்ல, போகப் போகத் தெளியும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கிறோமே, அதற்கு என்ன அபராதம்? நம்மைத் தாழ்த்துகிற ஒருவனிடம் போய் நாம் இளிப்பதற்கும் 'காக்காய் பிடிப்பது' என்றே பெயர் வைத்திருக்கிறோம். காகம் யாரையும் பிடித்து எதையும் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. நேராக வரும், கேட்காமல் எடுக்கும், போய்விடும். கிடைத்தால் கூட்டத்தைக் கூப்பிடும். நாம் கிடைத்தால் கதவைச் சாத்துவோம்.

கோபம் வந்துவிட்டது. குப்பைக்குத் திரும்புகிறேன்.

2023-இல் இந்தத் தீவில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 7 லட்சத்து 55 ஆயிரம் டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது நூற்றுக்குப் பதினெட்டு. மிச்சம் நாம் தின்னாமல் விட்ட பரோட்டா, கோழிச் சோற்றில் தோல், அழகுக்கு அடுக்கி விற்காமல் போன கேக். எரிக்கப்போகிற வழியில் கொஞ்சம் சிந்துகிறது. சிந்துவதைப் பொறுக்குவது காகம். அதைக் கொண்டு அது குஞ்சு பொரிக்கிறது. நம் பேட்டையில் ஒரு வருஷம் கூடு கலைத்தால் அடுத்த வருஷம் பக்கத்து மரத்தில் அதே கூடு. தீனி இருக்கும்வரை காலியிடம் காலியாக இருக்காது. வேலைவாய்ப்பு இருக்கிற ஊருக்கு ஆள் வருவதைப் போலத்தான். குப்பை மையத்துக்குக் கதவு, தொட்டிக்கு மூடி, தட்டு அலமாரிக்கு ஒரு திரை. துப்பாக்கியைவிட விலை குறைவு. ஆனால் மூடிக்கு ஒரு குறை உண்டு. அதைத் திறந்தவன்தான் சாத்த வேண்டும்.

எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து, "காக்காயைப் பற்றிப் பேச வந்தோம், எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்றார். பலத்த கைதட்டல். அவருக்குத்தான்.

போன மாதம் எங்கள் பிளாக் முன்னால் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தில் கூடு கலைக்க ஆள் வந்தது. தூக்கி வண்டியின் கூடையில் நின்று மேலே போனவன் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன். ஹெல்மெட்டுக்குள் துண்டு கட்டியிருந்தான். ஒர்க் பெர்மிட்டில் வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். இரண்டு காகங்கள் அவன் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மறு கையால் கூட்டை அப்படியே பெயர்த்தான். கீழே கொண்டுவந்து வைத்தபோது எட்டிப் பார்த்தேன். குச்சியைவிடக் கம்பி அதிகம். கேபிள் துண்டு, மாப்புக் குச்சியின் நார், ஐந்தாறு கம்பி ஹேங்கர்கள், ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, நாலு கை சேர்ந்து இழுத்தாலும் பிரியாதபடி. நடுவில் மெத்தென்று ஏதோ துணி நூல். அதில் இரண்டு குஞ்சுகள், ரோமம் முளைக்காமல், வாய் மட்டும் சிவப்பாக.

"நம்ம ஊர்ல இதுக்குச் சோறு வைப்போம், இல்லண்ணே?" என்றான்.

"ஆமா."

"இங்க இதுதான் வேலை." குஞ்சுகளை ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டினான். மேற்பார்வையாளர் படம் எடுத்துக்கொண்டார். வேலை முடிந்ததற்கு அத்தாட்சி வேண்டும். கூட்டைப் பிரித்துக் கம்பிகளைத் தனியாக எடுக்கும்போது நீல நிறத்தில் ஒரு ஹேங்கரைத் தூக்கிக் காட்டினான். கழுத்தில் சலவைக்கடைக் காகிதம் இன்னும் ஒட்டியிருந்தது, என் வீட்டு எண்ணோடு.

"அண்ணே, இது உங்களதா?"

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? அவன் பையைத் தூக்கி லாரியின் பின்பக்கம் போட்டான். முன்னால் ஓட்டுநரும் மேற்பார்வையாளரும் ஏறிக்கொண்டார்கள். அவன் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு காகங்களும் அடுத்த சிக்னல் வரைக்கும் லாரிக்கு மேலேயே பறந்து போனதைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன், கையில் ஹேங்கரோடு.